தேங்காயெண்ணெய் பூசிய சன்னங்கள்

இன்று காலை குசினியில் தேங்காயெண்ணெய்ப் போத்தல் உறைந்து வெள்ளையாக நின்றது. தலைக்கு வைக்க எடுத்தவன், அதைக் கையில் வைத்துக்கொண்டு தனியே சிரித்தேன் மச்சான். மனைவி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். இந்த எண்ணெயை நம்பி நீ செய்த வேலை அவளுக்கும் தெரியும்.

அப்போது நீ இங்கே கால்சாப் பகுதியில் இத்தாலியக் கிழவர் ஒருவர் வீட்டில் சமையலும் துப்புரவும் பார்த்துக்கொண்டிருந்தாய். ஐயா என்கிற மாதிரி அவரைச் சிஞ்ஞோரே என்போம். சிஞ்ஞோரே பழைய காலத்து மாதிரியில் செய்த ரிவோல்வர் ஒன்று வைத்திருந்தார். எல்லாம் லைசென்சோடுதான், ஞாயிறுகளில் கடதாசி வட்டத்தைச் சுடுவதற்கு மட்டும். அதற்கான தோட்டாக்களையும் தானே செய்வார். பல்கனியில் ஈயத்தை உருக்கி, வார்ப்பச்சில் ஊற்றி, சன்னங்களைத் துணியில் தட்டுவார். சுருக்கம் விழுந்தவை திரும்பவும் சட்டிக்குள் போகும். உன்னைப் பார்க்க வந்த நான், நீ அவர் பக்கத்தில் குந்தியிருந்து சன்னம் பொறுக்குவதைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டேன்.

மன்னாரில் வெடிச் சத்தம் கேட்டால் மாதா கோயிலுக்குள் ஓடி, வாங்குப் பலகையின் கீழே ஒருவரையொருவர் இறுக்கிப் பிடித்துக் கிடந்தவர்கள் நாங்கள். இங்கு வந்து இத்தனை காலத்துக்குப் பிறகும், வியா மக்வேதா தெருவில் கடைக்காரன் ஷட்டரை இழுத்துவிட்டால் நீ குனிந்துவிடுவாய். அப்படிப்பட்டவனுக்கு இது என்ன விசர் என்று கேட்டேன். நீ நிமிரவும் இல்லை.

"இவ்வளவு காலமும் பயந்த சாமானை ஒருக்காக் கழட்டிப் பாக்கவேண்டாமோ?" என்றாய்.

மேசையில் பூட்டியிருந்த நெம்புப் பொறியும் அதில் திருகும் உருக்குக் குழல்களும்தான் உனக்கு உயிர். டை என்பார்கள் அவற்றை. ஒன்று சுட்டு மிஞ்சிய வெற்றுக் கோதைப் பழைய அளவுக்கு நெருக்கும். அடுத்தது வாயை மெல்ல விரிக்கும். மூன்றாவது சன்னத்தை அமுக்கி வாயை மடிக்கும். விரிப்பது குறைந்தால் ஈயம் சுரண்டப்படும், மடிப்பது கூடினால் கோது நசுங்கிப்போகும். அவர் குழலை ஒரு மயிரிழை திருகுவார். ஏன் அவ்வளவு, ஏன் அதற்கு மேல் இல்லை என்று நீ அவரைக் குடைவாய். நசுங்கினதொன்றைச் சட்டைப்பையில் கொண்டுவந்து, பல்லரோச் சந்தையில் மீன் வாங்க நிற்கும்போது என் கையில் திணித்து, எந்த இடத்தில் பிழைத்தது என்று பார் என்றாய். எனக்கு எரிச்சல். ஆனாலும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

சன்னத்தின் இடுப்பைச் சுற்றி ஓடும் பள்ளங்களில் மெழுகு பூசாவிட்டால் துப்பாக்கிக் குழாயில் ஈயம் ஒட்டிக்கொள்ளும். ஒரு தை மாதம் சிஞ்ஞோரேயின் மெழுகு டின் முடிந்துபோனது. நீ உடனே பங்குக் கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுதிரித் துண்டுகளைக் கேட்டு வாங்கி உருக்கினாய். இறுக்கமாக இருக்கிறதென்று, அவரைக் கேட்காமலே தேங்காயெண்ணெயையும் தாராளமாக விட்டாய். பிள்ளைகளின் தலைக்கும் வெடித்த குதிக்காலுக்கும் ஆகிற எண்ணெய் சன்னத்துக்கு ஆகாதா என்பது உன் நியாயம். குளிரில் அது நன்றாக இறுகியது. அவரும் தொட்டுப் பார்த்துத் தலையாட்டினார்.

ஆனி வெயிலில் எண்ணெய் இளகிக் கோதுக்குள் இருந்த வெடிமருந்தில் ஊறியது ஒருவருக்கும் தெரியாது. அந்த மாதம்தான் நீ முதல்முறையாகச் சுடுகளத்துக்குப் போக ஒத்துக்கொண்டாய். சத்தத்துக்குப் பக்கத்தில் நிற்க முடிகிறதா என்று பார்க்கவேண்டும் என்றாய். துணைக்கு வந்த நான் காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு இருந்தேன்.

உள்ளே நடந்ததை நீ சொல்லித்தான் அறிந்தேன். காதுமூடியைப் போட்டு, பல்லைக் கடித்து, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நீ நிற்க, சிஞ்ஞோரே சுட்ட துப்பாக்கி புஸ் என்றது. சன்னம் குழாய்க்குள்ளேயே சிக்கிவிட்டது. அடுத்ததையும் சுட்டிருந்தால் குழாய் வெடித்திருக்கும் என்று சிஞ்ஞோரே கத்தினார். மிச்சத் தோட்டாவில் ஒன்றைப் பிரித்து முகர்ந்தார். நீ மறைக்கவில்லை, எண்ணெய் என் வேலை என்றாய். கோடை முழுவதும் மேசைப் பக்கம் வராதே என்றுவிட்டு, வேறு துப்பாக்கியையும் பழைய தோட்டாக்களையும் எடுத்தார். அப்போது நீ வெளியே வந்திருக்கலாம், வரவில்லை. காருக்குள் எனக்கு ஒன்றன்பின் ஒன்றாகச் சத்தம் கேட்டது. நான் காதைப் பொத்திக்கொண்டு ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்தேன்.

நீ வந்து கண்ணாடியில் தட்டினாய். சட்டையெல்லாம் வேர்வை, கண்ணெல்லாம் கண்ணீர்.

"நான் நிண்டனான் மச்சான். ஓடேல்லை, நிண்டனான். நீயும் வா, இன்னும் சுடுறார்."

மாட்டேன் என்றேன். நீ வற்புறுத்தவில்லை. எண்ணெய் எந்தச் சூட்டில் இளகும் என்று வீடுவரை கணக்குப் போட்டுக்கொண்டு வந்தாய்.

போன கோடையில் உன் இதயம் நின்றுபோனது. பூசையிலும் சேமக்காலைக் குழியடியிலும் நான் அழவில்லை. அழுகை வரவில்லை, அவ்வளவுதான். போன ஞாயிறு சிஞ்ஞோரேயைச் சுடுகளத்துக்குக் கூட்டிப்போக ஆள் இல்லை என்றார்கள். நான் போனேன். காருக்குள் இருக்கவில்லை. அவருக்குப் பின்னால் நின்றேன்.

வெடித்தது. குனிந்தேன், பிறகு நிமிர்ந்தேன். கண்ணைத் திறந்தால், கடதாசியில் ஓட்டை அவர் குறிவைத்த இடத்துக்குக் கொஞ்சம் இடதுபக்கம் விழுந்திருந்தது. ஏன் இடதுபக்கம் போனது என்று கேட்கத் தமிழில் வாயைத் திறந்தபடி உன் பக்கம் திரும்பினேன். அப்போதுதான் மச்சான், நீ இல்லையென்று எனக்கு அழுகை வந்தது.