செவலைக்கு ஒரு நூல்கன்று

17 டிசம்பர் 2024, செவ்வாய்

மார்கழி பிறந்து இரண்டாம் நாள். தொப்பி முடிந்தது. எங்கள் தெரு பஜனைக் கோஷ்டியை நடத்தும் பெரியவர் நமச்சிவாயம் கேட்டது: காது மூட வேண்டும், ஆனால் தாளம் கேட்க வேண்டும். காதுப் பக்கம் மட்டும் வலைபோல இடைவெளி விட்டுப் பின்னினேன். அம்மாவிடம்தான் கொடுத்தனுப்பினேன்.

"நீயே போய்க் குடுத்தா இன்னா? கடிச்சிடுவாரா?" என்றாள்.

கடிக்க மாட்டார். உட்கார வைத்து, "டிகிரி முடிச்சிட்டியே, அடுத்து இன்னா?" என்று கேட்பார். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி உல்லன் நூலும் கொக்கி ஊசியுமாக இருக்கிறாள் என்று எப்படிச் சொல்வது? படித்த விலங்கியல் வீணாகவில்லை, விரலில் இறங்கியிருக்கிறது என்று சொன்னால் சிரிப்பார்.

20 டிசம்பர்

கீரிப்பிள்ளை முடிந்தது! பெங்களூரில் ஒரு டீச்சர் வகுப்பில் காட்டக் கேட்டது. பழுப்பு நூலையும் சாம்பல் நூலையும் சேர்த்துப் பிடித்துப் பின்னி, பிறகு ஈரப்படுத்திக் கம்பிச் சீப்பால் சீவினால் முடி அப்படியே சிலிர்த்து எழுகிறது. காயட்டும் என்று அப்பாவின் தறிக்கால் ஓரம் வைத்திருந்தேன். அம்மா துடைப்பத்தால் போட்டாள் இரண்டு போடு.

"ஐயோ, என்னையே பாக்குதுடீ!"

அப்பா தறியை நிறுத்திவிட்டுச் சிரித்தார். அடி வாங்கியும் ஒரு கண்ணிகூட விடவில்லை. இன்று முழுக்க எனக்கு நல்ல மனநிலை.

23 டிசம்பர்

தையல்நாயகி அக்கா வந்தார். பின்சந்தில் மாடு வைத்து எங்களுக்குப் பால் ஊற்றுபவர். நேற்று அவருடைய பசு செவலையின் கன்று செத்துவிட்டது. பிறந்து ஒரு வாரம்கூட இல்லை. செவலை கத்திக்கொண்டே இருக்கிறதாம். மடி கனத்துக் கிடக்கிறது, ஆனால் பால் இறக்க மாட்டேன் என்கிறது. கை வைத்தால் உதை.

"அந்தக் காலத்துல செத்த கன்னு தோல உரிச்சி, வைக்கோல் அடைச்சி, மாட்டு முன்னாடி நிறுத்துவாங்க. எனக்கு மனசு வரல. பொதைச்சிட்டோம். நீ கீரிப்பிள்ள பண்ணினியாமே, உங்கம்மாவே ஏமாந்துட்டாங்களாமே. எனக்கு ஒரு கன்னுக்குட்டி பண்ணித் தாயேன்மா."

அவர் வீட்டுக்காரர் தினகரன் அண்ணன் வாலாஜாபாத் தரகரிடம் பேசிவிட்டார். சனிக்கிழமை வந்து ஓட்டிப் போவாராம். பால் கொடுக்காத மாட்டை வாங்கி எங்கே கொண்டுபோவார்கள் என்று அக்கா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. தலையாட்டினேன்.

ஒரு முழுக் கன்று. சனிக்கிழமைக்குள். ஏன் தலையாட்டினேன்?

24 டிசம்பர்

முகம் முடிந்தது. அக்காவின் போனில் இருந்த போட்டோவைப் பார்த்துச் செய்தேன். அந்தச் செம்மண் நிறம் எந்தக் கடையிலும் கிடைக்காது. காவியும் பழுப்பும் சேர்த்துப் பிடித்தேன். மூக்கில் ஈரம் தெரிய அப்பாவின் தறிக் கழிவுப் பட்டு. இமைமுடி ஒவ்வொன்றாக. இப்படி ஒரு முகம் இதுவரை எனக்கு வந்ததில்லை. உடம்பை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். முதலில் செவலை இதைப் பார்க்கட்டும்.

25 டிசம்பர்

பார்க்கவே இல்லை.

அக்கா என் நூல்தலையைத் தொட்டி ஓரம் நீட்டிப் பிடித்தார். செவலை ஒரு மூச்சு மோந்துவிட்டு, புஸ்ஸென்று ஊதி, திரும்பிக்கொண்டது. காலைக் கட்டித்தான் மடியின் பாரம் குறையக் கொஞ்சம் பீய்ச்ச முடிந்தது. அதற்கும் வாளி உருண்டது. தினகரன் அண்ணன் மாட்டுக் கொட்டாய் வாசலில் நின்றிருந்தார்.

"டிகிரி படிச்ச கன்னுக்குட்டி. நம்ம செவலைக்கு இங்கிலீஷ் தெரியாது போலக்கீது."

வீட்டுக்கு வந்து அழுதேன். எவ்ளோ அழகா இருந்திச்சு! ஒரே ஒரு பார்வை பாத்திருந்தா அதுக்கு இன்னா கொறஞ்சிடும்?

— அதற்குக் குறைய இனி என்ன இருக்கிறது? எனக்குத்தான் புத்தி இல்லை.

26 டிசம்பர்

காலையில் குளத்துத் தெருவுக்குப் போனேன். அங்கே ஒரு வீட்டில் பசுவும் கன்றும் உண்டு. பால் வாங்க வந்தவள்போல் தூக்குவாளியோடு நின்று பார்த்தேன். கன்று மடியை முட்டும்போது அதன் முகம் தாயின் வயிற்றுக்கடியில் மறைந்துவிடுகிறது. தாய் கழுத்தைத் திருப்பினால் அதன் மூக்குக்கு எட்டுவது முதுகும் வாலடியும்தான். அங்கேதான் மோப்பம். அங்கேதான் நக்குவதும். பால் குடித்து முடியும் வரை முகத்தை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

நான் செய்தது மனிதர்களுக்கான கன்று! கண்ணைப் பார்த்து ஏமாறுவது என் அம்மா. செவலை இல்லை.

ஆக, வேண்டியது ஒரு முதுகு, ஒரு வால், அப்புறம் வாசனை. செத்த கன்று படுத்திருந்த சாக்கை அக்கா இன்னும் எறியவில்லை. வைக்கோல் மூட்டையை அந்தச் சாக்கால் சுற்றி, மேலே பின்னலைப் போர்த்த வேண்டும். உல்லன் வேண்டாம், பருத்தி நூல். நக்கும்போது இழை வயிற்றுக்குள் போகாதபடி சின்னச் சின்னச் சுருள், இறுக்கமாக. பிளாஸ்டிக் கண்ணும் கூடாது. விழுங்கிவிட்டால்?

சாக்கை வாங்கப் போனபோது தினகரன் அண்ணன் மட்டும் இருந்தார். ஓடிவரத்தான் நினைத்தேன்.

"அண்ணா, சனிக்கிழமை தரகர் வந்தா... மொதல்ல ஒரு வாட்டி கறந்து பாத்துட்டு அப்புறமா பேசறீங்களா?"

அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "உனக்குப் பேசக்கூட வருமா?" சாக்கை எடுத்து நீட்டி, "எனக்கு மட்டும் ஆசையாம்மா? அக்காவுக்கு முழங்கால்ல உதை வாங்கி வீங்கிக்கினுக்குது. அதுக்குத்தான் தள்ளிவுடலாம்னு பாத்தேன். சரி, கறந்து பாக்கலாம்" என்றார்.

27 டிசம்பர்

பகல் முழுவதும் பின்னல். ஆள்காட்டி விரல் கன்றிவிட்டது. அம்மா வைக்கோல் அடைத்துத் தந்தாள். அப்பா அதை ஒரு முக்காலியின் மேல் வைத்துக் கட்டினார், கன்றின் உயரத்துக்கு.

"தலையில்லாம இன்னாடி கன்னு இது? வால் வெச்ச மூட்டை!" என்றாள் அம்மா. ஆனால் வாலின் நுனிக் குஞ்சத்தை அவள்தான் கட்டினாள். என் குஞ்சம் குதிரை வால் மாதிரி இருக்கிறதாம்.

28 டிசம்பர், சனி

விடிந்ததும் கொண்டுபோனோம். அக்கா மூட்டையை மடியருகே நிறுத்தி, வால்பக்கத்தைச் செவலையின் மூக்குக்கு எட்டுகிற மாதிரி திருப்பி வைத்தார். செவலை மோந்தது. நிமிர்ந்தது. மறுபடி மோந்தது. இந்த முறை நெடுநேரம்.

பிறகு ஒரு சத்தம். கத்தல் இல்லை. வாயைத் திறக்காமல் தொண்டைக்குள்ளேயே, ம்ம்ம் என்று. நாக்கை நீட்டி என் சுருள்களை நக்கத் தொடங்கியது. அத்தனை அழுத்தமாக! முக்காலி ஆடியது, நான் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன். அக்கா காலைக் கட்டாமலே உட்கார்ந்து காம்பில் கை வைத்தார்.

சர்ர். சர்ர்.

வாளியில் நுரை ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். செவலையின் மூச்சு சூடாக என் கைமேல் பட்டுக்கொண்டே இருந்தது.

தரகர் வந்தபோது தினகரன் அண்ணன் சந்து முனையிலேயே நிறுத்திப் பேசினார். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். திரும்பி வந்து என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று: "வால் நல்லாக்குது."

2 ஜனவரி

இடப்பக்கச் சுருள்களெல்லாம் நக்கி நக்கிப் படிந்துவிட்டன. கொட்டாயிலேயே உட்கார்ந்து இரண்டு வரிசை மாற்றிப் பின்னினேன். செவலை என் ஜடையையும் கொஞ்சம் ருசி பார்த்தது.

9 ஜனவரி

அந்த முகத்துக்கு ஒரு உடம்பு பின்னி முடித்தேன். படுத்திருக்கும் கன்று. இணையத்தில் போட்டோ போட்ட அன்றே கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் கேட்டுவிட்டார். மனிதர்களுக்கு முகம் வேண்டும்.

15 ஜனவரி, மாட்டுப் பொங்கல்

இந்த வாரம் முழுக்கக் கொம்புக் குஞ்சமும் கழுத்து மாலையும்தான். மஞ்சள், சிவப்பு, கிளிப்பச்சை. தெருவில் மாடு வைத்திருக்கிற எல்லா வீட்டுக்கும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு வீட்டில் உட்கார வைத்துப் பொங்கலும் கேள்வியும் போட்டார்கள். இரண்டையும் சமாளித்தேன். "இதான் என் வேலை" என்று சொன்னேன். சொன்ன பிறகு யாரும் ஒன்றும் கேட்கவில்லை, இன்னொரு கரண்டி பொங்கல்தான் விழுந்தது.

செவலைக்கு மாலை போட்ட கையோடு அக்கா நூல்கன்றுக்கும் ஒன்று கேட்டார். கழுத்தே இல்லையே. வாலில் கட்டினோம்.

6 பிப்ரவரி

சாயங்காலம் பழுது பார்க்க நூலோடு போனேன். நூல்கன்று சுவர்மேல் வெயிலில் கிடந்தது. எச்சில் ஊறிக் கனத்துவிட்டதாம், அலசிப் போட்டிருக்கிறார்கள். அப்படியானால் கறவை?

உள்ளே எட்டிப் பார்த்தேன். முக்காலி இருந்த இடத்தில் தினகரன் அண்ணன் முதுகை வளைத்துக் குந்தியிருந்தார். தலையில் துண்டு. செவலை அவருடைய பனியனை முதுகு முழுக்க நிதானமாக நக்கிக்கொண்டிருந்தது. அக்கா கறந்துகொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் அண்ணன் துண்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

"இன்னா பாக்கற? அது காயற வரைக்கும்தான்."

"அது காய்ஞ்சி நாலு நாளாவுது" என்றார் அக்கா, மாட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து.