ஒரு நாள்கூட உட்காராத பிள்ளை

அக்கா,

இன்று சாப்பாட்டு நேரத்தில், புதிதாகச் சேர்ந்த பிள்ளை ஒருத்தி கெண்டைக்காலில் நீ போடும் அதே தைலத்தைத் தேய்த்தாள். கடை மொட்டைமாடி முழுக்க உன் வாசனை. சோற்றை மூடி வைத்தேன். அழுகை வரும் என்று நினைத்துத்தான் எழுந்து போனேன். வந்தது கோபம்.

ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்திலிருந்து நின்றுவிட்டேன் என்று வீட்டில் சொல்வார்கள். அந்தச் சொல் இப்படிப் பலிக்கும் என்று எனக்குத் தெரியாது. இந்த ஜவுளிக்கடைக்கு வந்த நாளிலிருந்து நின்றுகொண்டேதான் இருக்கிறேன். சேலைப் பிரிவில் உனக்குப் பக்கத்து இடம் எனக்கு. பிள்ளையார்பட்டியில் கும்பிட்டுவிட்டு வேன் வேனாக வந்து இறங்குகிறவர்களுக்கு நாற்காலி உண்டு, மோர் உண்டு. நமக்குத் தரை மட்டும். அதுவும் நிற்பதற்கு.

சாப்பிடுவதற்கு முன் எங்களையெல்லாம் மாடியில் வரிசையாகப் படுக்கவைத்து, காலைச் சுவரில் உயர்த்தி வைக்கச் சொல்வாய். ஆஸ்பத்திரியில் உன் காலைப் பார்த்த நர்சம்மா சொல்லிக்கொடுத்த பயிற்சி அது. கடையில் வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டமே இருப்பதைப் போனில் எடுத்து, என்னிடம் நீட்டினாய். என் குரல் எழும்பாது. "நீதான்டி வாசிக்கணும். ஒஞ்சத்தம் கேக்கணும்னா மத்தவளுக வாயை மூடணும்ல" என்றாய். யாராவது புரியாமல் முழித்தால், "கால நல்லாத் தூக்குடி. ரத்தம் தலைக்கு வரட்டும், அப்பத்தான் சட்டம் மண்டையில ஏறும்" என்பாய்.

மகளிர் தினத்துக்கு முதலாளி ஒரு யோகா டீச்சரை அழைத்து வந்தார். நின்றபடியே களைப்புத் தெரியாமல் மூச்சு விடுவது எப்படி என்று அந்த அம்மா சொல்லிக்கொடுத்தார். நீ கையைத் தூக்கினாய்.

"உக்காந்து செய்யிறது எதுவும் இல்லையா டீச்சர்?"

அவர் சுகாசனம் காட்டினார். மறுநாள் மதியம், கூட்டமில்லாத நேரம், பதினான்கு பேரும் சேலை அலமாரிக்கு முன்னால் சம்மணம் போட்டுக் கண்ணை மூடினோம். சூப்பர்வைசர் ஓடி வந்தார்.

"ஏய், என்னாடி இது? நீங்க உக்காந்தா யாவாரம் படுத்துரும்!"

"யோகாண்ணே. முதலாளிதான டீச்சரக் கூட்டியாந்தாக" என்றாய்.

"எந்திரிங்கடி. எம்பொழப்பக் கெடுக்காதீக."

"எங்க காலு படுத்துருச்சே, அதுக்கு என்ன சொல்றீக?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கண்ணை மட்டும் திறக்கவில்லை.

அடுத்த வாரமே உன்னைக் கிடங்குக்கு மாற்றினார்கள். மாடிப்படி ஏறி இறங்கிச் சேலைக் கட்டுகளைச் சுமக்கும் வேலை. ஏற்கெனவே உன் கால் நரம்பெல்லாம் சுருண்டு நீலமாகப் புடைத்திருந்தது. வலது கால் வீங்கியபோது லீவு கேட்டாய். "தீவாளி முடியட்டும்" என்றார்கள். தீபாவளி முடிந்தது. நீயும் இல்லை. காலில் உறைந்த ரத்தம் நெஞ்சுக்குப் போய்விட்டது என்று டாக்டர் சொன்னாராம். உனக்கு இருபத்து நான்கு வயது.

சிங்கம்புணரிப் பக்கம் உன் வீட்டுக்கு முதலாளி மாலையோடு வந்தார். உன் அம்மாவிடம் சொன்னார்: "ஒங்க மக மாதிரி வேல பாக்குற புள்ள கெடைக்காது ஆத்தா. ஒரு நாள்கூட அது உக்காந்து நான் பாத்ததில்ல."

பாராட்டினார் அக்கா! சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். உன் அம்மா அவரைக் கும்பிட்டார்.

"நீங்க உக்கார விடலையே" என்றேன்.

"என்னம்மா?" என்று குனிந்தார்.

"நீங்க உக்கார விடல. உக்காந்ததுக்குக் கட்டுச் சொமக்க வச்சீக."

"சின்னப்புள்ள, துக்கத்துல பேசுது" என்று சூப்பர்வைசர் என் தோளைப் பிடித்து நகர்த்தினார். நான் துக்கத்தில் பேசவில்லை.

உன் இடத்துக்கு ஆள் எடுத்துவிட்டார்கள். திரும்பவும் பதினான்கு பேர். நான்கு ஸ்டூல் வாங்கிப் போட்டிருக்கிறார்கள். அதற்கு முதலாளிக்கு நன்றி சொல்ல வேண்டுமாம். மற்றவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் சொல்லவில்லை. அதனால் அவர்களும் சொல்லவில்லை. எல்லோருக்கும் இருக்கை கேட்டு, திங்கட்கிழமை தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போகிறோம்.

மூச்சை மெதுவாக வெளியே விட்டால் கோபமும் கூடவே போய்விடும் என்று அந்த யோகா டீச்சர் சொல்லியிருந்தார். இன்று மாடியில் படுத்துக்கொண்டு விட்டுப் பார்த்தேன். மூச்சு போனது. கோபம் உள்ளேயே இருக்கிறது. இருக்கட்டும் அக்கா. திங்கட்கிழமை அதையும் கூட்டிக்கொண்டுதான் போகிறேன்.