அவர் அழவில்லை

நேற்று பஸ்ஸுக்கு நின்றபோது தேயிலை ஃபேக்டரிப் பக்கமிருந்து இலை வதங்கும் வாசனை வந்தது. உன் நினைவு வந்தது. எதிரே ஒரு கூத்தும் நடந்துகொண்டிருந்தது. வாடகைக் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு ஒரு பெண் தேயிலைச் செடிகளுக்கு நடுவே சிரித்தாள். கூட வந்தவன் கைப்பேசியில் படம் பிடித்தபடி, “இங்கே மனிதர்கள் பனியைப் போலத் தூய்மையானவர்கள்” என்று வர்ணித்தான். சரியாக வரவில்லை போலும், மறுபடி மறுபடி அதையே சொன்னான். நிஜமாகவே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களை, படத்தில் விழாதபடி ஒதுங்கச் சொன்னான். நீ இருந்திருந்தால், “பனியில நின்னா சளிதான் புடிக்கும், அதச் சொல்லச் சொல்லு” என்றிருப்பாய்.

தேயிலை விலை விழுந்து, நான் கணக்கெழுதிய ஃபேக்டரியை மூடிய காலத்தில்தான் நீ பழக்கமானாய். வேலைக்கு மனுப்போட உன் பிரவுசிங் சென்டருக்கு வந்தேன். குன்னூர் மார்க்கெட்டுக்கு மேலே, சுவரெல்லாம் ஈரம் பூத்த அறை. கோயமுத்தூரிலிருந்து கல்யாணமாகி மலையேறி வந்தவள் நீ. ஆள் வராத நேரங்களில் உன் வலைப்பூவில் எழுதிக்கொண்டிருந்தாய். வேலை கிடைக்காமலேயே நான் தினமும் வரத் தொடங்கினேன்.

அப்போது சென்னையிலிருந்து ஒரு பதிவர் வந்தார். வலைப்பூ உலகில் பெரிய பெயர். நாம் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே உனக்குப் பாடம் நடத்தினார்.

“நல்லா எழுதறீங்க. ஆனா ஒரே வறட்சி. ஊட்டி, குன்னூர்னா ஜனங்க பனி, மழை, காதல்னு எதிர்பார்ப்பாங்க. நீங்க யாருக்கும் பின்னூட்டமும் போடறதில்ல. நீங்க எனக்குப் போட்டா நான் உங்களுக்குப் போடுவேன்.”

“மொய் வெக்கற மாதிரிங்களா?” என்று கேட்டாய். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு சிரித்தார்.

அந்த வாரம்தான் நீ அதை எழுதினாய். கேத்திப் பக்கத்துச் சிறு விவசாயி ஒருவர் இலை மூட்டைகளோடு வேறொரு ஃபேக்டரிக்கு விற்க வந்தார். ஃபேக்டரி வாசலிலேயே வேண்டாமென்றுவிட்டார்கள். இலையைச் சாலையோரம் கொட்டிவிட்டு, வெறும் சாக்கின்மேல் உட்கார்ந்து பன் தின்றார். நீ பார்த்தது அவ்வளவுதான், எழுதியதும் அவ்வளவுதான்.

சில நாளில் அது அந்தப் பெரிய மனிதரின் பக்கத்தில் வந்தது. வரிகள் உன்னுடையவை. விவசாயி இளைஞனாகியிருந்தார், ஒரு காதலியும் முளைத்திருந்தாள், கொட்டிய இலைமேல் கண்ணீர் சொட்டியது. கீழே ஒரு கூட்டமே “நெஞ்சு கனத்தது” என்று மொய் எழுதியிருந்தது. சண்டை போடச் சொல்லி நான் குதித்தேன்.

“ஏம்புள்ள, திருடுனா திருடிட்டுப் போறான். அந்த மனுசன எதுக்கு அழுக வெக்கறான்? அவரு அழுகவேயில்ல” என்றாய்.

பிறகு அந்த விவசாயியைச் சந்தையில் பார்த்து, சென்டருக்குக் கூட்டிவந்து உட்காரவைத்தாய். நீ எழுதியதை அவருக்கே வாசித்துக் காட்டினாய். தன்னைப் பற்றி யாரோ எழுதியிருப்பதையே நம்பாதவர் போலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“எல்லாம் செரிதானுங்க. பன்னுன்னு போட்டிருக்கீங்க. அது வர்க்கி.”

ஊட்டிப் பக்கத்து பேக்கரிகளில் விற்கும் மொறுமொறு வர்க்கி. உடனே திருத்தினாய். அதன்பிறகுதான் அந்தப் பதிவரின் பக்கத்தில் உன் ஒரே பின்னூட்டத்தை இட்டாய்: “அவர் அழவில்லை. வர்க்கி தின்றார்.” அழித்தார். மறுபடி இட்டாய். பின்னூட்டப் பெட்டியையே மூடிவிட்டார். அன்று நீ சிரித்ததுபோல் வேறெப்போதும் சிரித்து நான் பார்த்ததில்லை. அந்த ஆள் ஊர் ஊராகக் கூட்டங்களில் மாலை வாங்கினார். நீ விரல்விட்டு எண்ணக்கூடிய வாசகர்களுக்கு, நோய் படுக்கவைக்கும் வரை எழுதினாய்.

நீ போன மறுநாள் அவர், “மலையில் ஒரு தங்கையை இழந்தேன்” என்று எழுதினார். அதிலும் பனி. அதிலும் உன் கண்களில் நீர் தேங்கி நின்றதாம். உன்னையும் அழவைத்துவிட்டார் பார். அந்த ஜாதி இன்று பெருத்துவிட்டது. ஒருவன் சொன்னதை ஒன்பது பேர் அதே இசையோடு சொல்கிறார்கள், ஒவ்வொருவனும் தான் பெற்ற பிள்ளை என்கிறான். எனக்கு அருவருப்பாக இருக்கிறது. அதை மறைக்கும் எண்ணமும் இல்லை.

நானும் இப்போது இணையத்தில் எழுதுகிறேன். படிப்பவர்கள் கொஞ்சம் பேர். போன மாதம், இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பத்துப் பெண் ஒருத்தியைப் பற்றி எழுதினேன். கொழுந்து பறிக்கும்போது காட்டெருமை எதிரே வந்து நின்ற கதை. வெளியிடும் முன் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான அவளுடைய லயத்துக்கே போய் வாசித்துக் காட்டினேன். அடுப்பைத் தணித்துவிட்டு வந்து கேட்டாள்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் பயந்து நடுங்கல. கோவம்தான் வந்துச்சு. அன்னைக்கி கொழுந்து எடை குறைஞ்சி கூலியும் போச்சே.”

அங்கேயே உட்கார்ந்து மாற்றினேன். நடுக்கம் போனதும் கதையில் பாதி போய்விட்டது. மிச்சத்தை மறுபடி வாசித்தேன்.

“ஆமா,” என்றாள். “இது நான்தான்.”