டோன்ட் என்று சொன்னேன்

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் இருமல் நின்றதா? மகளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. சிரித்தால் வாயைப் பொத்திக்கொள்கிறாள்.

எங்கள் பாட்டில் தொழிற்சாலையில் சாப்பாட்டு இடைவேளையில் இப்போது இங்கிலீஷ் சொல்லித்தருகிறார்கள். இந்த வாரம் 'டோன்ட்'. செய்யாதே என்று அர்த்தம். உலைக்குப் பக்கத்துப் பலகையில் 'டூ நாட் டச்' என்று இருக்கிறதே, அந்த டூ நாட்தான் வாயில் சுருங்கி டோன்ட் ஆகிறதாம். பலகைக்கு நீட்டி எழுதுவாங்க, நம்ம ஆளுங்ககிட்ட சுருக்கித்தான் சொல்லுவோம் என்றார் டீச்சரம்மா.

ஆளுக்கு ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னார். லேபிள் ஒட்டும் அக்கா, சூப்பர்வைசரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே 'டோன்ட் ஷவுட்' என்று ஒரு போடு போட்டாள். எங்களுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அடுத்தது நான். யோசிக்கவே இல்லை, 'டோன்ட் சைன்' என்று வந்துவிட்டது. யாருகிட்டம்மா சொல்றே, என்ன கையெழுத்து என்று டீச்சரம்மா கேட்டார். நான் டிபன் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். அக்காதான், அவ வீட்டுக்காரரு இன்னும் ரெண்டு வருஷம் அங்கேயே வேலை பார்க்க ஒப்பந்தம் போடப் போறாரு டீச்சர் என்று சொல்லிக் காப்பாற்றினாள்.

போன வாரம் போனில் நீங்கள் கேட்டபோது உங்க இஷ்டம் என்றேன். அது பொய். புடவை எடுக்கும்போதும் அதுதான், மகளுக்குப் பெயர் வைக்கும்போதும் அதுதான், நான்கு வருஷத்துக்கு முன்னால் நீங்கள் பெட்டி கட்டியபோதும் அதேதான். நல்ல மனைவி அப்படித்தான் சொல்வாள் என்று நினைத்திருந்தேன். போனில் கேட்டால் மறுபடியும் அதையேதான் சொல்வேன், அதனால்தான் எழுதுகிறேன்.

பணம் குறைந்தால் ஒழுகுகிற குழாய்க்கு வாளி வைத்துச் சமாளித்துவிடலாம். உங்களுக்கு எதை வைத்துச் சமாளிப்பது? படியில் செருப்புச் சத்தம் கேட்டால் இன்னமும் எழுந்து போய்க் கதவருகே நிற்கிறேன். மாடி வீட்டுக்காரர் என்னைப் பார்த்துச் சங்கடப்பட்டு, இப்போதெல்லாம் பூனை மாதிரி ஏறுகிறார். எனக்கு நீங்கள் வேண்டும். இதைப் பூசி மெழுகிச் சொல்லத் தெரியவில்லை.

இருபதாம் தேதி அந்தத் தாளை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள், வந்துவிடுங்கள். இந்தக் கடிதம் வருவதற்குள் போட்டிருந்தால், போட்டுவிட்டேன் என்று மட்டும் சொல்லுங்கள். உனக்குச் சம்மதம்தானே என்று கேட்டுவிடாதீர்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்,
உங்கள் வீட்டுக்காரி