வாளியில் அளந்த பரிசு

ஞாயிறு, இரவு.

என் பிறந்தநாளுக்கு மனைவி செல்வி பூந்தமல்லியில் ஒரு ஆம்ப்ளிஃபயர் வாங்கி வந்தாள். பெட்டியில் 'இருநூறு வாட்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பேசாமல் பாட்டுப் போட்டிருக்கலாம். மோட்டார் கம்பெனியில் டெஸ்டிங் பார்ப்பவன் கை சும்மா இருக்குமா? ஸ்பீக்கருக்குப் பதில், வரும் மின்சாரத்தைச் சூடாக்கித் தின்கிற ஒரு ரெசிஸ்டரை மாட்டி, அது சூட்டில் கருகாமலிருக்க வாளித் தண்ணீரில் போட்டு, மீட்டர் வைத்து அளந்தேன். வால்யூமை முழுக்கத் திருகியும் பதினெட்டு வாட்தான்.

சொன்னதும் அவள் முகம் சுருங்கிவிட்டது. "ஆசையா வாங்கியாந்தா பக்கெட்ல போட்டு அளப்பியா? பாட்டப் போடுயா."

ஸ்பீக்கரை மாட்டினேன். பாதி வால்யூம்கூட வைக்கவில்லை. தபேலா தனியாக, குரல் தனியாகக் கேட்டது. சொக்கிப் போய் உட்கார்ந்திருந்தோம். கீழ்வீட்டு மணி படியேறி ஓடி வந்தான். "அண்ணாத்தே, கொஞ்சம் கொறைங்க. ஊடே அதிர்ந்துகினு கீது!"

செல்வி துள்ளிக் குதித்தாள். "பாத்தியா? இருநூறு வாட்டு!"

மீட்டர் இன்னும் ஸ்பீக்கர் ஒயரில்தான் இருந்தது. அது காட்டிய வோல்ட்டை வைத்து மனக்கணக்குப் போட்டேன். இரண்டு வாட்கூட வரவில்லை.

மீட்டரைக் கழற்றிப் பையில் போட்டேன். "ஆமா, இருநூறுதான்" என்றேன்.