ராணிப் படிக்கு ஒன்பது கட்டம்

என் பிடிவாதக்கார அண்ணே,

உன் முதல் திதி வரப்போகிறது. நாங்கள் இன்னும் புந்தோங்கில் அதே வாடகை வீட்டில்தான் இருக்கிறோம். ஜெலாப்பாங் தொழிற்சாலையில் எனக்கு வாரம் மாறினால் ஷிப்டும் மாறும். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் எழுந்திருக்கப் பிடிப்பதில்லை.

உன் வரைபடம் மடிப்பில் கிழிந்துவிட்டது. ரப்பர்த் தோட்டத்தில் குடியிருந்தபோது நீ கற்பனையாக உண்டாக்கிய நாடு. பாம்புக் கிணறு, ராணிப் படி, அரக்கன் சாலை. கட்டத்துக்கு ஒரு தடவை பகடை உருட்டி, பேய் வந்தால் தப்பித்து, நீ, நான், உன் கூட்டாளி மணியண்ணன் மூன்று பேரும் எவ்வளவு சண்டை போட்டிருப்போம்? அந்த மணியண்ணன்தான், "கம்ப்யூட்டர்ல ஏத்திரு தங்கச்சி, அவன் போட்ட ஆட்டம் அப்படியே இருக்கட்டும்" என்றார்.

ஈப்போவில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தும் ராஜு அண்ணன் ஆட்டம் உருவாக்க இரண்டு டிஸ்கெட் கொடுத்தார். "மொத ஒண்ணையே எடுத்துக்க லா. மலை, காடு, கோட்டை எல்லாம் உள்ளுக்கே இருக்கு. ரோடு போட்டா நீளத்துக்குத் தக்கன அதுவே கட்டம் பிரிச்சிரும். ரெண்டாவது ரொம்ப லெச்சே, தொல்ல புடிச்சது, ஒவ்வொரு கோடும் நீயே போடணும்."

எனக்கிருந்த அலுப்பில் முதலாவதைத்தான் எடுத்தேன். தோட்டத்தில் எது எங்கே என்பதை வைத்துத்தானே நீ வரைந்தாய்? நானும் அந்தத் தூரங்களை அப்படியே போட்டேன். பச்சைத் திரையில் ராணிப் படிக்கு ஒரு கட்டம் வந்தது, அரக்கன் சாலைக்கு ஒன்பது. உன் தாளில் தலைகீழ்.

"இத்தனூண்டு படிக்கு ஒம்போது கட்டமா? ஒனக்குக் கணக்கே வராது" என்று எத்தனை தடவை ஆட்டத்தைக் கலைத்திருக்கிறேன்! நீ சிரிப்பாய். "என் நாடு, என் கணக்கு. உருட்டு."

உன் கணக்கு எனக்கு அந்தத் திரையின் முன்னால்தான் புரிந்தது. ராணிப் படி தோட்டத்து ஆஸ்பத்திரிப் படி. போலியோ வந்த காலை இழுத்து இழுத்து நீ ஏறிய படி. அரக்கன் சாலை பள்ளிக்கூடத்துக்குப் போகும் செம்மண் சாலை. தூரம்தான், ஆனால் அதில் மணியண்ணன் உன்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போவார்.

நானோ படியில் ஓடி ஏறி, மேலே நின்று "சீக்கிரம் வா" என்று கத்துவேன். ஏன் ஒரு தடவைகூட நீ சொல்லவில்லை? சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேனா? வெட்கமாக இருக்கிறது அண்ணே.

முதல் டிஸ்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். "ஏம்மா, நல்லாத்தானே இருந்திச்சு?" என்றார் ராஜு அண்ணன்.

"நல்லாத்தாண்ணே இருக்கு. ஆனா அது எங்கண்ணன் நாடு இல்ல."

இரண்டாவதில் ஆரம்பித்திருக்கிறேன். ஒரு கோட்டுக்கு எத்தனை தடவை பொத்தானைத் தட்டுவது? விரல் மரத்துப்போகிறது. இன்றைக்கு ராணிப் படியில் நான்கு கட்டம்தான் முடிந்தது. மீதி ஐந்தையும் போட்டுவிடுவேன், ஒன்றுகூடக் குறைக்க மாட்டேன். மணியண்ணனோடு மறுபடி ஆடும்போது உன் காய்க்கும் நானே உருட்டுவேன். இந்தத் தடவை மேலே நின்று கத்த மாட்டேன்.

உன் பக்கத்திலேயே படியேறி வரும் தங்கச்சி,
செல்வி