எட்டு மணி அறிவித்தலில் என் பெயர்

மச்சான்,

ஒருவரும் நம்பமுடியாத கதையொன்றைச் சொல்லப்போகிறேன் என்று, உன் பழைய ரேடியோப் பெட்டியின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்கிறேன். வீட்டை ஒதுக்கும்போது உன் மகள் அதை என்னிடம் தந்துவிட்டாள். இன்று காலை துடைத்துப் பிளக்கைச் செருகினேன். சூடேறிய தூசி மணத்தது. இரைச்சல் மட்டும் வந்தது.

கனடாவில் தமிழ் வானொலி கேட்கத் தனிப் பெட்டி வாங்கவேண்டியிருந்த காலம். அஜின்கோர்ட்டில் உன் அப்பாட்மென்ட்டுக்கு அதை ஏற்றுவதற்கு ஏழு யானைகள் தேவைப்பட்டன. எட்டாவது யானை லிஃப்டில் அகப்பட்டுக்கொண்டது. காலை எட்டு மணிக்கு மரண அறிவித்தல் தொடங்கினால் ஸ்காபரோ முழுவதும் வாயில் பிரஷோடு நிற்கும். பனிகூடப் பாதிவழியில் நின்று கேட்டுவிட்டுத்தான் கீழே விழும். நீ உன் வீட்டிலும் நான் என் வீட்டிலுமாகத் தொலைபேசியைக் காதில் வைத்தபடி கேட்போம். யார் போனது என்பதைவிட, யார் யாருடைய பெயர் வருகிறது என்பதுதான் உனக்கு முக்கியம்.

"சகலனைச் சொல்லிப்போட்டாங்கள், சம்பந்தியை விட்டிட்டாங்கள். இண்டைக்குச் சண்டைதான்!"

ஒருநாள் சிரித்து முடிந்தபின் கேட்டாய்: "என்ர அறிவித்தலில உன்னை என்னெண்டு போடுறது மச்சான்? சிநேகிதனுக்கு அதில இடமில்லையே."

"சக்கரவர்த்தி எண்டு போடு."

நீ சிரிக்கவில்லை. "உன்ர பேர் வராட்டி நான் எழும்பி வருவன்."

நீ போன அன்று உன் மகள் என்னைக் கூப்பிட்டாள். "அங்கிள், எனக்குத் தமிழ் டைப் பண்ண வராது. நீங்க எழுதித் தாங்கோ, ப்ளீஸ்."

எழுதினேன். பிறப்பிடம், வசிப்பிடம், அன்புக் கணவர், பாசமிகு தந்தை, மாமனார். எல்லாவற்றுக்கும் ஒரு வரி இருந்தது. நாற்பது வருடச் சிநேகிதத்துக்கு இல்லை. லட்சம் பொய் எழுதக்கூடிய கை அன்றைக்கு ஒன்றே ஒன்று எழுதியது. ஒஷாவாவில் இருக்கும் உன் ஒரே அக்காவின் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரையும் போட்டு, 'ஆகியோரின் அன்புச் சகோதரரும்' என்று முடித்தேன்.

மறுநாள் எட்டு மணிக்கு வாசித்தார்கள். நாடு முழுவதும் கொடிகள் தாமாகவே அரைக்கம்பத்துக்கு இறங்கின. வாசித்து முடிய ஒஷாவாவிலிருந்து போன்.

"டேய், எங்கட அம்மா உன்னை எப்பயடா பெத்தவ?"

"அக்கா..."

"சனம் போன் எடுத்துக் கேக்குதுகள், ஆர் உந்தப் புதுத் தம்பி எண்டு. நான் என்னத்தைச் சொல்ல?"

வாழ்நாளில் முதல் தடவையாக உண்மையைச் சொன்னேன்: "அவன் கேட்டவன் அக்கா, என்ர பேரும் வரவேணுமெண்டு." மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"நாளைக்குச் செத்தவீட்டில பின்னால நிண்டு கதை அளக்காதை. முன்வரிசையில வந்து இரு."

இப்போதெல்லாம் அறிவித்தல்கள் கைப்பேசியில் படத்தோடு வருகின்றன, நாள் முழுக்க. தெரிந்த முகங்கள்தான் அதிகம். விரலால் தள்ளிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கிறேன். அலுத்துப்போச்சு, மச்சான். ஆனாலும் எட்டு மணிக்குக் கை தன்பாட்டில் போனை எடுக்கிறது. கொஞ்சநேரம் வைத்திருந்துவிட்டு மேசையில் வைக்கிறேன்.

இதை ஒருவரும் நம்பத் தேவையில்லை. யானை பொய். கொடி பொய். உன்னைப் பார்க்க மூன்று ராஜாக்கள் வந்ததாக நான் ஊரெல்லாம் சொல்லித் திரிவதும் பொய்தான். அக்கா தன் கைப்பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்துக் கதிரையைத் தட்டிக் காட்டியது மட்டும் உண்மை.